காந்தத்தோடு போய்ப் பார்த்த லேண்ட் குரூசர்

டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்ததிலிருந்து மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை. கடல் நீலம், மேலே வெள்ளைக் கூரை, பின்னால் அலமாரி மாதிரி இரண்டு பக்கமும் திறக்கிற கதவு. "1972 மாடல், முழுக்க ரீஸ்டோர் செய்தது, எல்லாம் ஒரிஜினல்" என்று போட்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வண்டி மேல் ஒரு கிறுக்கு, அதனால் நான் புகழ்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

இதன் மூதாதை 1951-இல் வந்த டொயோட்டா ஜீப் பிஜே. அந்த வருடமே ஃபுஜி மலையில், மலையேறும் பாதையின் ஆறாவது நிலையம் வரைக்கும் அதை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஜீப் என்ற பெயர் வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் 1954-இல் லேண்ட் குரூசர் ஆனது. 40 வரிசை 1960-இல் ஆரம்பித்து 1984 வரை ஓடியது, பிரேசிலில் பாண்டெய்ராண்டே என்ற பெயரில் 2001 வரைக்கும்கூடச் செய்தார்கள். இவ்வளவு காலம் உருவம் பெரிதாக மாறவில்லை என்பதுதான் இதன் அழகு, வாங்குகிறவனுக்குத் தலைவலியும் அதுதான். ஒரு வருட வண்டியின் கதவு, எஞ்சின், பானெட் எல்லாம் கொஞ்சம் மெனக்கெட்டால் இன்னொரு வருட வண்டியில் உட்கார்ந்துவிடும், தள்ளி நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

போவதற்கு முன்னால் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், நான் வருவதற்குமுன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. ஆறிக் கிடக்கிற எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தால்தான் அதன் குறை தெரியும். போய் பானெட்டில் கை வைத்தால் இளஞ்சூடு. சரி, என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்தேன். விற்பவர் முகம் கொஞ்சம் மாறியது. இந்த வண்டிக்குத் துரு பிடிக்கிற இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: பின்பக்க மூலைகள், பின்கதவுக்குக் கீழே வாசற்படி மாதிரி இருக்கிற விளிம்பு, கண்ணாடிச் சட்டத்தின் அடி, கூரையைச் சுற்றி ஓடும் மழைநீர்க் காடி, பாடி சேஸில், அதாவது அடிச்சட்டத்தில், உட்காரும் இடங்கள். கதவில் காந்தம் பச்சென்று ஒட்டியது. பின்மூலைக்குக் கொண்டுபோனதும் கையோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இரும்புத் தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசுகிற பட்டி. எத்தனை விரல் கனத்துக்குப் பூசியிருக்கிறார்களோ! அடியில் படுத்துப் பார்த்தால் சேஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. பளபளப்பாகத்தான் இருந்தது, ஆனால் பூச்சு அவ்வளவு தடிமனாக இருந்தால் அதற்கடியில் வெல்டிங் எப்படி இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

பானெட்டைத் திறந்ததும்தான் கதையே வேறாகிப்போனது. 1972 என்றால் அதில் இருக்க வேண்டியது 3.9 லிட்டர் எஃப் எஞ்சின். பிளாக்கில் பொறித்திருந்த எண்ணோ 2எஃப் என்று ஆரம்பித்தது, அதாவது 1975-இல் வந்த 4.2 லிட்டர். முன்சக்கரத்தில் எட்டிப் பார்த்தால் டிஸ்க் பிரேக், அதுவும் 70களின் நடுவில் வந்த சமாசாரம். மெதுவாகக் கேட்டேன். "சார், நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

இதில் என் கருத்து கொஞ்சம் கோணல். ஓட்டுவதற்கு இந்தக் கலவைதான் மேல். நான்கு பக்கமும் டிரம் பிரேக் இருக்கிற வண்டியில் அழுத்தி நிறுத்தினால், சரியாக செட் செய்யாத பட்சத்தில், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். டிஸ்க்கில் அந்தப் பயம் குறைவு. 2எஃப் சோம்பேறி மாதிரி சத்தம் போடும், ஆனால் லோ கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே மேட்டில் ஊர்ந்து ஏறும். அன்றைக்கு ஓட்டியும் பார்த்தேன். லீஃப் ஸ்பிரிங் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குத் தந்தியடித்தது, ஸ்டியரிங்கில் இரண்டு விரல் அளவு தளர்வு, கண்ணாடி வழியாகக் காற்று. இறங்க மனசே வரவில்லை.

ஆனால் அதை ஒரிஜினல் என்று சொல்லி அந்த விலை கேட்கக்கூடாது. 40 வரிசைக்குப் பழைய உதிரி பாகங்களை மறுபடி தயாரிக்கப்போவதாக 2021-இல் டொயோட்டாவே அறிவித்தது, பாகம் கிடைக்காது என்ற சாக்குக்கும் இனி அவ்வளவு வலு இல்லை. பெயிண்ட் அடிப்பதற்குமுன் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள், பாடியைச் சேஸிலிருந்து தனியாகத் தூக்கி வைத்த படம் ஒன்று இருந்தாலே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு பதினொரு படம் வந்தது. பதினொன்றிலும் வண்டி நீலமாக, பளபளவென்று நிற்கிறது.

நேற்று விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். "எல்லாம் ஒரிஜினல்" போய், "பெரும்பாலும் ஒரிஜினல்" என்று மாறியிருக்கிறது. விலை மாறவில்லை. நான் இன்னும் அந்தப் பக்கத்தை மூடவில்லை.