25 வருடம் கழித்துக் கேட்டால்

வேலூரில் வக்கீல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு பட்டாளத்துக் கேஸ் பார்க்காமல் இருக்க முடியாது. பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். எங்கள் சீனியர் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஆஜராகிறவர். மனு எழுதுவதும் அதற்கு முன்னால் பேப்பர் சேர்ப்பதும் என் வேலை. மனுவை ஒரே மூச்சில் எழுதிவிடலாம். பேப்பர் சேர்ப்பதற்குள்தான் உயிர் போய்விடும்.

வருகிறவர்களில் நிறையப் பேர் 'போர்டு அவுட்' ஆனவர்கள். பென்ஷனுக்கு வேண்டிய 15 வருட சர்வீஸ் முடியும் முன்பே, உடம்பு லாயக்கில்லை என்று மெடிக்கல் போர்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்கள். டிசெபிலிட்டி பென்ஷன் வேண்டுமென்றால் ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது ராணுவ சேவையால் வந்ததாகவோ, சேவையால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டாவது இடத்தில்தான் போர்டு 'இல்லை' என்று எழுதிவிடும். வலிப்பு, மனநோய், ரத்த அழுத்தம் என்றால் பெரும்பாலும் அதே பதில்தான். இது உடல்வாகிலேயே இருந்த நோய் என்று கீழே ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான்.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இல்லாவிட்டால் எங்கள் மனுக்களில் பாதிக்கு முதுகெலும்பே இருக்காது. அவர் ராணுவத் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். 1994-ல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று வெளியே அனுப்பப்பட்டார். படையில் சேர்ந்தபோது நடந்த பரிசோதனையில் அந்த நோய் பதிவாகவில்லை என்றால் அது சேவையில் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது ராணுவத்தின் பொறுப்பு, போர்டு வெறுமனே கருத்துச் சொன்னால் போதாது, காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். அதனால் நாங்கள் முக்கியமாகத் தேடுவது இரண்டே பேப்பர். ஒன்று, சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல் பாரம். அதில் நோய் எழுதும் இடம் காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடம்தான் எங்களுக்குச் சாட்சி. மற்றது, போர்டு நடவடிக்கைகள் அடங்கிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற பாரம். அதில் காரணம் கேட்கும் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது, அல்லது எழுதவே இல்லையா என்று பார்க்க வேண்டும்.

இவை இருப்பது அந்தந்தப் பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, வண்டி, ஆயுதம், கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. பிரிவு என்றால் செகந்திராபாத். பழைய ஆட்களின் ஆர்மி நம்பரைப் பார்த்தே ஓரளவு பிரிவைச் சொல்லிவிடலாம். 25-ல் ஆரம்பித்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். நம்பரைக் கேட்டால் போதும், கூன் போட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்கூட நிமிர்ந்து ஒரே மூச்சில் சொல்வார். பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதி மறந்திருக்கும், அது மறக்காது.

சாதாரணக் கடிதம் போட்டால் பதில் வரும் என்று நம்பி வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி போடும் ஆர்.டி.ஐ. மனுதான் நல்லது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள் கெடு, பதில் வராவிட்டால் மேல்முறையீடு என்று ஒரு பிடி இருக்கிறது. ஆனால் 'எனக்கு ஏன் பென்ஷன் தரவில்லை' என்று கேட்கக் கூடாது. அவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை, இருக்கிற ஆவணத்தின் நகலைத்தான் தர வேண்டும். அதனால் பாரத்தின் பெயரைச் சொல்லிச் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும். கையெழுத்தும் அவருடையதாகவே இருக்க வேண்டும், அடையாள அட்டை நகலும் வைக்க வேண்டும். வக்கீல் கேட்டால் அடுத்தவரின் சொந்த விவரம் என்று திருப்பிவிடுவார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பென்ஷன் வாங்குகிறவரின் ஆவணங்களை நீண்ட காலம் வைத்திருப்பார்கள். பென்ஷன் இல்லாதவருடையதை 25 வருடம் முடிந்ததும் அழித்துவிடலாம் என்பது விதி. யோசித்துப் பாருங்கள். பென்ஷன் கிடையாது என்று அனுப்பியதாலேயே அவர் 'பென்ஷன் இல்லாதவர்' ஆகிறார். அப்படி ஆனதாலேயே, அந்த முடிவு தப்பு என்று காட்டக்கூடிய காகிதம் சீக்கிரம் அழிகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவன் மேலேயே போய் விழுகிறது.

ஒரு பெரியவர் கேசில் இதேதான் நடந்தது. எண்பதுகளின் கடைசியில் வலிப்பு என்று அனுப்பப்பட்டவர், வடக்கே ஒரு பிரிவில் இருந்தவர். ரெக்கார்ட் ஆபீஸ் பதில் ஒரே பக்கம். ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன, இருப்பது லாங் ரோல் மட்டும் என்று. லாங் ரோல் என்பது அழிக்காமல் வைத்திருக்கும் பெரிய பதிவேடு. அதில் பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி மாதிரி சில விவரங்கள்தான் கிடைக்கும்.

"வீட்டுல பெட்டி இருக்கா ஐயா?" என்று கேட்டேன். மறுவாரம் மனைவியும் அவருமாக டிரங்குப் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். கறுப்புப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், பெயர். உள்ளே கம்பளிக்கு அடியில், நாப்தலின் வாசனையோடு, பிளாஸ்டிக் கவரில், படையை விட்டுப் போகும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக். வெளியேறிய காரணம் என்ற இடத்தில் ஆர்மி ரூல் 13(3), ஐட்டம் III(iii) என்று இருந்தது. மேற்கொண்டு சேவைக்கு உடல் தகுதியில்லை என்பது அதற்கு அர்த்தம். இத்தனை வருடமும் அது அவருக்கு வெறும் நம்பர். டிஸ்சார்ஜ் புக்கின் மடிப்பில் ராணுவ மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றும் இருந்தது. மை மங்கிவிட்டது, ஆனால் முத்திரையும் நோயின் பெயரும் படிக்க முடிந்தது.

"இதையெல்லாம் போய் யார் தம்பி பாப்பாங்க? குப்பைன்னு ரெண்டு தடவ எடுத்துப் போடப் பாத்தேன்" என்றார் அந்த அம்மா.

அதை வைத்து மனு போட்டோம். ஆவணம் இல்லாததால் எதையும் சரிபார்க்க இயலாது, இத்தனை காலம் கழித்து வந்திருக்கிறார் என்று எதிர்த்தரப்பு பதில் மனு. நோய் சேவையால் வந்ததல்ல என்று சொல்ல உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பது எங்கள் சீனியர் கேள்வி. இந்த மாதிரி வழக்குகளில் தீர்ப்பு இரண்டு பக்கமும் போயிருக்கிறது, அதனால் பெரியவரிடம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஜெயித்தாலும் பாக்கித் தொகை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான் கிடைக்கும், 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்று விளக்கினேன்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பணம் எப்படியோ போகட்டும் தம்பி. இ.சி.எச்.எஸ். கார்டு வருமா? வீட்டுல அவளுக்கு மூட்டு மாத்தணும்" என்றார். முன்னாள் ராணுவத்தினருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியச் செலவைப் பார்க்கும் திட்டம் அது. பென்ஷன் வந்தால்தான் கார்டு. அடுத்த வாய்தாவுக்கு அசல் டிஸ்சார்ஜ் புக்கோடு அவரை நேரில் வரச் சொல்லியிருக்கிறோம்.