பின்பக்கம் போய்ப் பார்

படகு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அணியத்தைத்தான், அதாவது முன்பக்கத்தைத்தான், முதலில் பார்ப்பார்கள். பெயிண்ட் பளபளப்பா, பேர் எழுத இடம் இருக்கா, அவ்வளவுதான். பத்து வருஷம் கடலுக்குப் போனவர் மட்டும் நேராகப் பின்பக்கம் போய்க் குத்தவைத்து, இன்ஜின் உட்காரும் இடத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவுவார். செய்தவன் அவசரப்பட்டிருந்தால் அது அங்கேதான் கைக்குத் தட்டுப்படும்.

நான் கடலூர் முதுநகரில் ஃபைபர் போட் கட்டுகிறவன். சுனாமிக்கு அடுத்த வருஷம் தொழிலுக்கு வந்தேன். 2005-இல் கரை முழுக்க எல்லாருக்கும் ஒரே நேரத்தில் படகு வேண்டியிருந்தது. நான் அப்போது கூலிக்கு நின்ற பட்டறையில் (பேர் வேண்டாம்) முன்பக்கத்துக்கு மேட்டு (கண்ணாடி இழை விரிப்பு) அடுக்கடுக்காகப் போடுவோம், பின்பக்கம் வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். இழையை ஒட்டுகிற ரெசின் இறுகிக்கொண்டிருக்கும், லாரி வாசலில் நிற்கும். இரண்டு அடுக்கு குறைந்தால் யாருக்குத் தெரியும்? ஆறே மாதத்தில் தெரிந்தது. இன்ஜின் அதிர்வில் பின்பலகை ஓரம் விண்டுபோன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் பின்னாலிருந்து பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

இந்தப் புத்தியோடுதான் ராத்திரியில் ஆளில்லா ஸ்டெல்த் (ரேடார் கண்ணில் படாமல் ஒளிகிற) போர் விமானங்களின் படங்களைப் பார்க்கிறேன். பழக்கிவிட்டவன் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். ஒரே விமானத்தின் முதல் மாதிரியையும் அடுத்த மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு அனுப்புவான், "மாமா, என்ன மாறியிருக்கு சொல்லுங்க" என்று. அவன் இறக்கையைப் பார்க்கச் சொல்லி அனுப்புவான். நான் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

முதலில் அனுப்பியது சீனாவின் 'ஷார்ப் ஸோர்ட்'. 2013 நவம்பர் 21-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. முன்னால் பார்த்தால் வௌவால் மாதிரி அழகு: வால் கிடையாது, உடம்பும் இறக்கையும் ஒன்று (பறக்கும் இறக்கை என்பது இதைத்தான்). பின்னால் போனால் இன்ஜினின் வட்டக் குழாய் அப்படியே வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு பின்னால் கிழிந்ததைக் கவனிக்காமல் கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி! 2019 அக்டோபர் 1 பெய்ஜிங் அணிவகுப்பில் ஜிஜே-11 என்ற பேரில் அதே வடிவம் வந்தபோது குழாய் உடம்புக்குள் போயிருந்தது.

ரஷ்யாவின் எஸ்-70 அஹோத்னிக்கும் அப்படியே. இருபது டன் அளவுக்குக் கனமான பறக்கும் இறக்கை. 2019 ஆகஸ்ட் 3-இல் முதல் பறப்பு, பின்னால் அதே வட்டக் குழாய். 2021 டிசம்பரில் நோவோசிபிர்ஸ்க் தொழிற்சாலையிலிருந்து வெளியே இழுத்து வந்த மாதிரியில் குழாய் தட்டையாகி இறக்கையோடு ஒட்டியிருந்தது.

வட்டமாக இருந்தால் என்ன குறை என்று என்னோடு வேலை செய்கிற பையன் கேட்டான். திறந்த வட்டக் குழாய் ரேடாருக்குக் குகை மாதிரி. அலை உள்ளே நுழையும், இன்ஜினில் சுழல்கிற தகடுகளில் மோதும், வந்த வழியே திரும்பும். அது போதாதென்று சூடு வேறு. சுடுகஞ்சியை டம்ளரில் வைத்தால் ஆற எவ்வளவு நேரம் ஆகும்? அதையே தட்டில் ஊற்றினால்? புகையும் அப்படித்தான். தட்டையாகப் பரத்தி விட்டால் சுற்றியுள்ள குளிர்காற்று சீக்கிரம் கலந்துவிடும், சூட்டைத் தேடி வருகிற கண்ணுக்குச் சட்டென்று அகப்படாது.

அப்புறம் ஏன் முதலிலேயே தட்டையாகச் செய்யவில்லை? மோல்டு போடுகிறவனுக்கு இது புரியும். அழுத்தம் வட்டத்தைத்தான் விரும்பும். தட்டைக் குழாய்க்குள் அழுத்தத்தைக் கொடுத்தால் மேலும் கீழும் வீங்கப் பார்க்கும், மூலையில் சூடு தங்கும். அதைத் தாங்க வைக்கக் கனம் கூடும், இன்ஜினின் தள்ளுவிசையும் கொஞ்சம் குறையும். கையில் தயாராக ஒரு இன்ஜின் இருக்கும்போது, வாலில்லாத இந்த உடம்பு பறக்குமா பறக்காதா என்பதுதான் முதல் கேள்வி. ஒளிவதெல்லாம் பிறகு. இது என் கணிப்புதான். ஆனால் இரண்டு நாட்டுக்காரனும் அதே வரிசையில் செய்திருக்கிறான்.

அந்த அஹோத்னிக்கில் ஒன்று 2024 அக்டோபர் 5-ஆம் தேதி உக்ரைனின் கோஸ்தியந்தினிவ்கா பக்கம் விழுந்தது. சுட்டது ரஷ்யாவின் போர் விமானமேதான். எதிரி கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று கட்டியது கடைசியில் எதிரி மண்ணிலேயே சிதறிக் கிடந்தது.

அமெரிக்காவின் எக்ஸ்-47 கதை வேறு. அங்கே மாறியது முழு உருவம். 2003 பிப்ரவரி 23-இல் பறந்த எக்ஸ்-47ஏ, நம் பிள்ளைகள் விடுகிற பட்டம் அச்சு அசல்: நீளமும் சுமார் எட்டரை மீட்டர், அகலமும் எட்டரை மீட்டர். 2011-இல் பறந்த எக்ஸ்-47பி-இல் அதே பட்டத்தின் இரண்டு பக்கமும் நீள இறக்கையை ஒட்டவைத்து அகலத்தைப் பத்தொன்பது மீட்டர் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வேண்டும், மெதுவாக வந்தாலும் விழக்கூடாது, ரொம்ப நேரம் வானத்தில் நிற்கவும் வேண்டும். பட்டத்தால் அது ஆகாது. கப்பலில் இடம் ஏது? அதற்காக இறக்கை மடிகிறது, மடித்தால் பாதி. 2013 ஜூலை 10-இல் அது ஆள் இல்லாமலே ஓடுகிற கப்பலில் இறங்கியது. துருக்கியின் கிஸிலெல்மாவுக்கு நிமிர்ந்த வால் இரண்டு, முன்னால் குட்டி இறக்கை இரண்டு. 2022 டிசம்பரில் பறந்த முதல் மாதிரிக்கும் பிறகு வந்தவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இன்ஜினிலும் உள்ளேயும்தான். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை.

நம்முடையது எனக்கு நெருக்கம். நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் சிறிய பறக்கும் இறக்கை, சுமார் ஒரு டன். 2022 ஜூலை 1-இல் சித்ரதுர்காவில் முதல் பறப்பு. இரண்டு மாதிரிகளை வைத்து, வடிவத்தை மாற்றி மாற்றி ஆறு முறை பறக்கவிட்ட பிறகு, 2023 டிசம்பர் 15-இல் ஏழாவது முறைதான் வாலே இல்லாத கடைசி வடிவம். உடம்பு கார்பன் இழையில். நான் கண்ணாடி இழையில் செய்கிறேன், அவர்கள் கார்பன் இழையில் செய்கிறார்கள், ரெசின் எங்களுக்குப் பொது என்று பட்டறையில் பெருமை அடித்துக்கொள்வேன். (ரெசினும் வேறதான். பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.)

ஆறு முறை எதற்கு என்று எனக்குப் புரிந்தது தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில்தான். போன ஆனி மாதம் நானும் அக்கா மகனும் தெர்மாகோலில் ஒரு இறக்கை வெட்டினோம். ஒன்றே கால் மீட்டர் அகலம், பின்னால் மோட்டார். வால் வைக்கலாம் என்றேன்.

"ஸ்டெல்த்துன்னா வால் இருக்கக் கூடாது மாமா."

"முதல்ல பறக்கட்டும்டா. அப்புறம் ஒளியட்டும்."

கேட்கவில்லை. விடியற்காலை, கரைக்காற்று லேசாக இருந்தது. கையிலிருந்து விட்டதும் மூக்கைப் பக்கவாட்டில் ஆட்டியது, ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் பம்பரம் மாதிரி சுற்றி மணலில் குத்தியது. நடைப்பயிற்சி வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "பட்டம்னா வால் வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்ததில் இறக்கை நுனி இரண்டிலும் பிளாஸ்டிக் அட்டையில் கையகலத்துக்கு வால் மாதிரி நிமிர்ந்த செதில் ஒட்டினேன், பாட்டரியை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினேன். கோடு போட்ட மாதிரி பறந்தது. அவன் முகம் தொங்கிப்போனது.

மூன்றாவது அவன் கட்டியது. செதில் இல்லை. இறக்கை நுனியில் மேலும் கீழும் வாய் பிளக்கிற சின்னத் தட்டுகள். தோணி போகும்போது ஒரு பக்கம் துடுப்பை ஊன்றிப் பிடித்தால் அந்தப் பக்கம் திரும்புமே, அந்தக் கணக்கு. பி-2 குண்டுவீச்சு விமானத்திலும் அதேதான். தட்டுகளை ஆட்டக் கூடுதல் சர்வோ (குட்டி மோட்டார்) நாலு, ஆட்டத்தை உணர்ந்து சரிசெய்ய ஒரு ஜைரோ போர்டு. ஏறியது, நேராகவே போனது. கெடிலம் முகத்துவாரத்துக்கு மேலே திரும்பும்போது இடதுபக்கத் தட்டு பிளந்தது பிளந்தபடியே நின்றுவிட்டது. வலைக்காரர் ஒருவர்தான் தோணியில் போய் எடுத்துக் கொடுத்தார். உப்புத்தண்ணீரில் மோட்டார் போனது.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இடதுபக்க சர்வோவை ஒரே ஒரு பொட்டு பசையில் ஒட்டியிருக்கிறான். வலதுபக்கம் மூன்று பொட்டு. "ராத்திரி தூக்கம் வந்துடுச்சு மாமா" என்றான்.

நான் திட்டவில்லை. 2005-இல் எனக்கும் லாரி வாசலில் நின்றது. நாலாவதுக்குத் தெர்மாகோல் வெட்டி வைத்திருக்கிறோம். பசை மட்டும் நான் வைப்பதாகப் பேச்சு.