பின் ஷாக்

பைக்கின் பின்பக்க இடது ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி படிந்து, கறுப்பு மை பூசியதுபோல் இருந்தது.

எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கும் சீல் போய்விட்டது. துடைத்துத் துடைத்து ஓட்டுவதில் அர்த்தமில்லை.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினேன். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் சக்கரத்தோடு கீழே இறங்கிவிடும். அப்புறம் போல்ட் துளையை நேராக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேல் நட்டு சுலபம். கீழ் போல்ட்தான் துருவேறி அடம்பிடித்தது.

பழையதைத் தரையில் நிறுத்தி, உடம்பு எடையைப் போட்டு அழுத்திவிட்டேன். சட்டென்று துள்ளி எழுந்தது. புதியதோ அவசரமே இல்லாமல் மேலே வந்தது.

வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் விஷயமே அதுதான். கண்ணுக்குத் தெரிகிற ஸ்பிரிங் எடையைத் தாங்கும், வாங்கியதைத் திருப்பி எறியும். அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். சின்னத் துளைகளின் வழியே திணறிப் போகும்போது அது அசைவை வெப்பமாக மாற்றிவிடுகிறது. எண்ணெய் குறைந்தால் பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி ஆடும், டயர் சாலையைச் சரியாகப் பிடிக்காது, பிரேக் போட்டாலும் தடுமாறும்.

வலது பக்கம் கசியவில்லை. இருந்தாலும் ஜோடியாகவே மாற்றினேன். ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்கிற பிரீலோடும் இரண்டு பக்கமும் ஒரே படியில்.

பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, பழசைப் பிரிச்சு ஸ்பிரிங்கை எடுத்துக்கவா?" என்றான்.

அழுத்திப் பூட்டிய ஸ்பிரிங். பல் போய்விடும் தம்பி, வேண்டாம்.