இன்ஹேலர் பேட்ஜ் இரண்டாவது முறைதான் கிடைத்தது

பார்மசி படிப்பின் கடைசி ஆண்டில் நான் எடுத்த முதல் மைக்ரோ கிரெடென்ஷியல், இன்ஹேலர் ஆலோசனை. நோயாளிக்கு இன்ஹேலரைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதற்கான சிறு சான்று. முடித்தால் டிஜிட்டல் பேட்ஜ்.

பாடமும் வினாடி வினாவும் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. சிக்கல் அதற்குப் பிறகுதான். நோயாளியாக நடிப்பவருக்கு ஆலோசனை சொல்வதை, எடிட் செய்யாமல் ஒரே வீடியோவாக அனுப்ப வேண்டும். மதிப்பெண் கிடையாது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் நடந்ததா இல்லையா என்று மட்டும் பார்ப்பார்கள்.

வகுப்புத் தோழியை உட்காரவைத்து மடமடவென்று சொன்னேன். நன்றாகக் குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், 10 நொடி மூச்சை அடக்க வேண்டும், ஸ்டீராய்டு மருந்தென்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஒன்றையும் விடவில்லை. ஆனாலும் வீடியோ திரும்பி வந்தது. "நீங்கள் சொன்னதெல்லாம் சரி. நோயாளி செய்து காட்டவே இல்லையே?" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அன்று முழுக்க மனசு சரியில்லை.

இரண்டாவது முறை, இன்ஹேலரைத் தொட்டே பார்த்திராத வேறு துறை நண்பரை அழைத்தேன். பயிற்சிக்கான மருந்தில்லாத இன்ஹேலர்தான். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்று தலையாட்டினார். "ஒருதடவை செஞ்சு காட்டுங்க" என்றேன். முதலில் அழுத்திவிட்டு அப்புறம் இழுத்தார். வாயோரமாக வெள்ளைப் புகை போலக் கசிந்தது. உண்மையான மருந்தாக இருந்தால் நுரையீரலுக்குப் போயிருக்காது. "இழுக்க ஆரம்பிச்சிட்டு அழுத்துங்க" என்றேன். மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அந்த வீடியோவுக்குத்தான் பேட்ஜ் கொடுத்தார்கள்.

பார்த்தால் ஒரு சின்னப் படம். ஆனால் யார் வழங்கியது, எந்தத் தகுதிக்கு, என்றைக்கு என்ற விவரமெல்லாம் அதற்குள்ளேயே பதிந்திருக்கிறது. 2011-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா தொடங்கிவைத்த ஓப்பன் பேட்ஜஸ் என்ற பொதுத் தரம் இது. அதனால் வேறு நிறுவனத்தாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். சான்றாக வீடியோவையும் இணைக்கலாம் என்றார்கள். நண்பரின் முகம் தெரிகிறது என்பதால் மதிப்பீட்டுக் குறிப்பை மட்டும் இணைத்தேன்.

இந்த பேட்ஜ் இரண்டு ஆண்டில் காலாவதியாகிவிடும். அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நான் சொல்லிக்கொடுத்தது அழுத்தினால் மருந்து பீய்ச்சும் வகை. மருந்துப் பொடியை இழுக்கும் பவுடர் இன்ஹேலரில் மெதுவாக இழுத்தால் போதாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவி மாறினால் கையும் பழக வேண்டும். பேட்ஜ் என்பது உரிமம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. தடுப்பூசி பேட்ஜ் வாங்கிவிட்டதாலேயே ஊசி போடும் அனுமதி வந்துவிடாது.

இப்படி ஒரு பேட்ஜுக்குச் சேருவதற்கு முன், அதைப் பெற என்ன தகுதி வேண்டும் என்று சொல்லும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யார், எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். வெபினாரில் உட்கார்ந்ததற்காக எனக்குக் கிடைத்த மூன்று பேட்ஜ்களை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிட்டேன். இன்ஹேலர் பேட்ஜ் மட்டும் இருக்கிறது.