கேட்டது இம்பல்ஸ், வந்தது எக்ஸ்பல்ஸ்

ஹீரோ இம்பல்ஸ் பைக் வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்ட்ஸ் கவுன்ட்டரில் போய் நின்று வண்டிப் பெயரை வாயால் சொல்லாதீர்கள். பார்ட் நம்பரைக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் காதில் அது "எக்ஸ்பல்ஸ்" என்றுதான் விழும். 2011-ல் வந்து, சில வருஷங்களிலேயே சத்தமில்லாமல் நின்றுபோன 150 சிசி வண்டி ஒன்று இருந்தது என்பதே இப்போது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பல பையன்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதே ஹீரோவிலிருந்து 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 தான்.

என்னுடையது 2012 மாடல், சிவப்பு. எனக்குப் பொள்ளாச்சி. தோப்புக்குப் போக வரவும், அவ்வப்போது ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போகவும் இந்த வண்டிதான். எஞ்சினில் இன்றுவரை சொல்லும்படி குறை இல்லை. பிரேசிலில் ஹோண்டா விற்ற என்.எக்ஸ்.ஆர் 150 ப்ரோஸின் வழி வந்த வண்டி, இழுவை குறைவு என்று ஆளாளுக்குத் திட்டினார்கள், ஆனால் கல்லிலும் சேற்றிலும் அசராது. பிளாஸ்டிக்தான் வயதைக் காட்டிக் கொடுத்தது. ஆர்.சி.யில் சிவப்பு என்று இருக்கிறது, வண்டியைப் பார்த்தால் ரோஸ். முன் மட்கார்டைத் தடவினால் கையில் மாவு ஒட்டியது. இடது சைடு பேனலில் போல்ட் மாட்டும் காது உடைந்து, கேபிள் டையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெட்லைட்டைச் சுற்றி வரும் டூமில் விரிசல். டேங்குக்குப் பக்கவாட்டில் வரும் கவுலில் வலது பக்கம் ஒரு மூலையே காணோம்.

வெறும் வெளுப்பு மட்டும்தான் என்றால் புதிது தேடி அலையாதீர்கள். 800, 1000, 2000 நம்பர் என்று வரிசையாகத் தண்ணீர்ப் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டால் பாதி நிறம் திரும்பிவிடும். அதற்கு முன் பேனலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னாலும் அதே நிறமாக இருந்தால் பிளாஸ்டிக்கே அந்த நிறம், தைரியமாகத் தேய்க்கலாம். பின்பக்கம் கறுப்பாக இருந்தால் மேலே இருப்பது பெயின்ட், தேய்த்தால் அதுவும் போய்விடும். கறுப்புப் பாகங்களுக்கு ஹீட் கன் காட்டினால் கறுத்துப் பளபளக்கும், நாலைந்து மாதத்தில் பழையபடி சாம்பல் பூத்துவிடும். ஆனால் காது உடைந்ததற்கும் விரிசல் விட்டதற்கும் இதெல்லாம் வைத்தியம் இல்லை.

சரி, கோவைக்குப் போனேன். பெரிய டீலர், ஏசி ஹால், டோக்கன் மெஷின் எல்லாம் உண்டு. உரையாடல் இப்படிப் போனது.

"இம்பல்ஸ் முன் மட்கார்டும் லெஃப்ட் சைடு பேனலும் வேணும்ங்க."

"எக்ஸ்பல்ஸ் டூ வால்வா ஃபோர் வால்வா சார்?"

"எக்ஸ்பல்ஸ் இல்லீங்க தம்பி, இம்பல்ஸ். நூத்தம்பது சிசி."

"எக்ஸ்பல்ஸ்ல நூத்தம்பது வர்றதில்லீங்க சார்."

ஆர்.சி.யை எடுத்துக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், கணினியில் ஏதோ தட்டினார். "ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டா வந்துடும், முழு அட்வான்ஸ் கட்டணும்" என்றார். கட்டினேன். பில்லில் வண்டிப் பெயர் இல்லை, "ஃபெண்டர் ஃபிரன்ட்" என்று மட்டும் இருந்தது. எந்த வண்டிக்கு என்று கேட்டதற்கு, "சேசிஸ் நம்பர் போட்டாச்சு சார், கரெக்டா வரும்" என்று பதில்.

வாரக்கணக்கில் காத்திருந்து, போன் போட்டுப் போட்டு, கடைசியில் வந்தது என்று சொன்னதும் போனேன். அட்டைப்பெட்டியைக் கவுன்ட்டரிலேயே பிரித்தேன். உள்ளே எக்ஸ்பல்ஸ் மட்கார்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சைடு பேனல் "பேக் ஆர்டரில்" இருக்கிறதாம், அதாவது இன்னும் வரவில்லை. "எலக்ட்ரிகல் ஐட்டமும் ஆர்டர் ஐட்டமும் திருப்பி எடுக்கறதில்லை சார்" என்று சுவரில் ஒட்டிய காகிதத்தைக் காட்டினார். நான் பில்லையும் ஆர்.சி.யையும் மேனேஜர் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சேசிஸ் நம்பர் போட்டு எடுத்த ஆர்டர் எப்படி வேறு வண்டிக்குப் போனது என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பணம் திரும்ப வந்தது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்திருந்தால் அந்தப் பணம் போனதுதான். எந்தக் கடையானாலும் அவர்கள் கண் முன்னே பிரியுங்கள்.

பார்ட் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஹீரோ ஹோண்டா காலத்திலிருந்து வந்த முறை இது, ஒருமுறை பிடிபட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. முதல் ஐந்து எண் என்ன சாமான் என்று சொல்லும். 61100 முன் மட்கார்டு, 80100 பின் மட்கார்டு, 83500 வலது சைடு பேனல், 83600 இடது. நடுவில் வரும் மூன்று எழுத்து எந்த மாடலுக்காக அது முதலில் செய்யப்பட்டது என்பது. கடைசியில் ஒட்டும் எழுத்துகளில் நிறம். கவுன்ட்டர்காரர் நம்பரைச் சொன்னால் நடுவில் இருக்கும் மூன்றைக் கவனியுங்கள், உங்கள் வண்டியின் பார்ட்ஸ் கேட்டலாக்கில் இருப்பதோடு அது பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழைய பாகத்தின் உள்பக்கத்திலும் பெரும்பாலும் அச்சில் ஏதாவது குறி இருக்கும், கழுவிவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை. போனில் "டேங்க் கவுல் ஒரு செட் இருக்கு, வாங்க" என்றார்கள். போட்டோ கேட்டேன், அனுப்பினார்கள். ராத்திரி ரயிலேறிப் போய் இறங்கினால், கடையில் கவுலும் இல்லை, அதைப் பற்றிப் பேசியவரும் இல்லை. அந்தப் போட்டோ எங்கிருந்தோ எடுத்தது. இனிமேல் யாராவது போட்டோ அனுப்பினால், அந்தச் சாமானுக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், ஆனால் இல்லாதவன் அதோடு பேச்சை மாற்றிவிடுவான்.

ஆனாலும் அந்தப் பயணம் முழுக்க வீண் இல்லை. சந்துக்குள் இன்னொரு கடையில், அடிபட்ட இம்பல்ஸ் ஒன்றின் சட்டமும் உடைந்த பேனல்களும் கிடந்தன. பேனல் ஒன்றும் உதவாது. நான் உட்கார்ந்து அதில் இருந்த போல்ட், ரப்பர் புஷ், கிளிப் நட், அப்புறம் ரப்பருக்குள் இருக்கும் குட்டி இரும்புக் குழாய், எல்லாவற்றையும் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரருக்கு என்ன விலை சொல்வது என்றே தெரியவில்லை. "டீ காசு குடுங்க" என்றார்.

அந்தப் பைதான் இந்த வேலையிலேயே பெரிய லாபம். பேனல் எங்காவது கிடைத்துவிடும், இந்தச் சில்லறைச் சாமான் கிடைக்காது. புது பேனலோடு இவை வருவதும் இல்லை. அந்த இரும்புக் குழாய் எதற்கு என்றால், போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் குழாயில் போய் நிற்கும், பிளாஸ்டிக்கில் ஏறாது. குழாய் இல்லாமல் வாஷர் மட்டும் போட்டு முறுக்கினால், முதல் பத்துப் பள்ளத்திலேயே ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விடும். நம் ஊர் வண்டிகளில் சைடு பேனல் உடைந்திருப்பதில் பாதி இப்படித்தான். சர்வீஸில் கழற்றுகிறவர் குழாயைத் தொலைத்துவிடுவார். எனக்கு இரண்டு குறைந்தது, லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். 6 எம்.எம். போல்ட்டுக்கு உள்விட்டம் ஆறரை இருக்கட்டும். நீளம் ரப்பரின் கனத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக, பிளாஸ்டிக்கின் கனத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ரப்பர் லேசாக அமுங்கிய இடத்தில் போல்ட் நின்றுவிட வேண்டும், அதுதான் கணக்கு.

டூம் ஒன்றை ஆன்லைனில் டெல்லியிலிருந்து வரவழைத்தேன். "ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்று போட்டிருந்தார்கள். வந்ததன் ஓட்டைகள் ஒரு பக்கம் நாலு எம்.எம். தள்ளி இருந்தன. திருப்பி அனுப்ப "உங்கள் பின்கோடில் பிக்கப் வசதி இல்லை". தனியார் கூரியரில் அனுப்பலாம் என்றால், அவர்கள் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவைப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவதுதான் கிலோ. 80, 30, 25 அளவுள்ள பெட்டிக்குள் அரைக் கிலோ மட்கார்டு இருந்தாலும் 12 கிலோவுக்குக் காசு. ப்ரோஸ் பேனலைப் பிரேசிலிலிருந்து வரவழைக்கச் சொல்லும் நண்பர்களே, இதை அங்கிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். டூமை வைத்துக்கொண்டேன். ஓட்டையை வட்ட அரத்தால் மெதுவாக நீட்டினேன். டிரில் வைக்காதீர்கள், பிட் கவ்விக்கொண்டு ஓரத்தைப் பிய்த்துவிடும்.

முன் மட்கார்டும் இடது சைடு பேனலும் கிடைத்தது உடுமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில். பெரிய ஷோரூம் எல்லாம் வருஷாவருஷம் பழைய ஸ்டாக்கைத் துடைத்து எறிந்துவிடுகிறார்கள். சின்ன ஊர் கடைகளில்தான் விற்காதது பரணில் கிடக்கிறது. எஸ்டேட்டும் மலையும் பக்கத்தில் இருக்கிற ஊராகப் பார்த்துத் தேடுங்கள், இந்த வண்டி அங்கேதான் ஓடியது. கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசியோடு இறக்கினார். பாக்கெட்டில் 2014 என்று பேக்கிங் தேதி. அன்றைய எம்.ஆர்.பி.யைப் பார்த்துவிட்டு, "இப்ப வெலை ஏறிருச்சுங்களே" என்று இழுத்தார். அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே பழைய விலைக்கே கொடுத்தார். நிறமும் சிவப்பு! அதற்காக நான் தெருவில் ஆடவில்லை, அவ்வளவுதான்.

மாட்டுவது ஒரு மதிய வேலை, ஒரே ஒரு இடம் தவிர. பழைய பேனலில் ஒரு போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. பிளாஸ்டிக்குக்குள் பதித்திருக்கும் பித்தளை நட் துருவேறிய போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. இதற்கு எண்ணெய் அடித்துப் பயனில்லை. பேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை மட்டும் கையில் பிடித்து உள்ளே விட்டு, போல்ட்டையே அறுத்தேன். சட்டத்தின் பெயின்ட் கீறாமல் இருக்க ஒரு தகரத்துண்டை நடுவில் செருகிக்கொண்டேன். அறுபட்டு விழுந்தபோது நட் தேங்காய்ப்பூ நிறத்தில் பிளாஸ்டிக் தூளோடு கையில் வந்தது. நல்ல பேனலாக இருந்தால் அந்த நட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி அழுத்தினால் திரும்பப் பதிந்துவிடும்.

புதுப் பேனலைக் காலைக் குளிரில் மாட்டாதீர்கள். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, ரப்பர் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளினால் பேனலின் பின்னால் நீட்டியிருக்கும் ஆணி தானாக இறங்கும். எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, அப்புறம் முறுக்குங்கள். முன் மட்கார்டு மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் கேபிளும் எங்கும் சிக்கவில்லையா என்று பாருங்கள்.

வலது கவுல் மட்டும் கிடைக்கவில்லை. காணாமல்போன மூலைக்கு வேறொரு துண்டை வைத்து பிளாஸ்டிக் வெல்டிங் வைக்க முடிவு செய்தேன். இங்கேதான் பெரும்பாலானோர் காசை விடுகிறார்கள். எது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசை போடுவார்கள். பின்பக்கம் குறி தேய்ந்திருந்தால், ஓரத்தில் நகக்கண் அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பி.பி. (பாலிப்ரொப்பிலீன்), மூழ்கினால் பெரும்பாலும் ஏ.பி.எஸ். (பிரேக் ஏ.பி.எஸ். இல்லை, இது ஒரு பிளாஸ்டிக் வகை). ஏ.பி.எஸ். என்றால் அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பூசினால் ஒன்றாகிவிடும். பி.பி. சாதாரணப் பசை எதற்கும் மசியாது, அதே பி.பி. கம்பி வைத்து உருக்கித்தான் ஒட்ட வேண்டும். பெயின்டும் அப்படித்தான். பட்டறைக்காரர் "நேரா அடிச்சாலே புடிக்கும்ங்க" என்று சத்தியம் செய்தார், முதல் வாட்டர் வாஷில் தோல் உரிவது போல உரிந்து வந்தது. பிளாஸ்டிக் பிரைமர் டப்பாவை நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, கண் முன்னால் அடிக்க வைத்த பிறகுதான் நின்றது. நிறத்தை மாற்றச் சொல்லி ஆசை காட்டுவார்கள், ஆர்.சி.யில் இருக்கும் நிறத்திலேயே அடியுங்கள்.

கழற்றிய பழைய மட்கார்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்திருக்கிறேன், வெல்டிங்குக்கு அதைவிடப் பொருத்தமான கம்பி கடையில் கிடைக்காது. வலது கவுலுக்கு உடுமலைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் பழைய குடோனைக் காலி செய்கிறாராம், நம்பர் எழுதிய சீட்டு அவர் கல்லாப்பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறது.