ரத்தம் வந்த இடத்தைத்தான் தேய்க்க வேண்டியிருந்தது

கொய்யாப்பழத்தைக் கடித்தபோது வெள்ளைச் சதையில் ரத்தக் கோடு தெரிந்தது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே காலையில் துப்பும் நுரை சிவந்துதான் இருந்தது. புண் ஆறட்டும் என்று, ரத்தம் கசியும் கீழ்க்கடைவாய்ப் பக்கம் பிரஷ் படாமல் தேய்த்துவந்தேன். வலித்திருந்தால் முன்பே போயிருப்பேன். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் கெடுதல்.

குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினேன். எதிரில்தான் அரசு பல் மருத்துவக் கல்லூரி. சீட்டு வாங்கி, காத்திருந்து, ஈறு நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டேன். முதுநிலை மாணவி ஒருவர், கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு அளந்து எண்களைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். மூன்று, மூன்று, ஐந்து. 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லையாம். நான் தவிர்த்துவந்த பக்கத்தில்தான் ஐந்துகள் எல்லாம்.

"ரத்தம் வருகிற இடத்தில்தான் அம்மா அழுக்குப் படிந்திருக்கிறது. அதை எடுக்காமல் விட்டால் ரத்தம் எப்படி நிற்கும்?" என்றார் அந்த மாணவி. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு மோசமாகும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். எனக்குச் சர்க்கரை இல்லை.

அடுத்து, பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த அழுக்கை, அதாவது பற்காரையை, எடுப்பது. 'பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகும்' என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தியிருந்தார். சுத்தம் செய்தபின் பல்லிடுக்கில் நாக்குக்கு வெற்றிடம் தட்டுப்பட்டது உண்மை. ஆனால் அவ்வளவு நாளும் அந்த இடத்தை அடைத்திருந்தது காரை. ஒரு வாரம் குளிர்ந்த நீர் கூசியது, அவ்வளவுதான்.

உண்மையான வேலை வீட்டில் தொடங்கியது. மாதிரிப் பற்களை வைத்துக் காட்டினார்கள்: மென்மையான பிரஷ், அதன் இழைகளின் முனை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தைப் பார்த்து 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும், அழுத்தாமல், இரண்டிரண்டு பற்களாக, இருந்த இடத்திலேயே சிறிதாக அசைக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் பல் தேய்க்கக் கற்றுக்கொள்வது எளிதில்லை. கை பழைய பழக்கப்படி குறுக்கே இழுத்தது. இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பல்லிடுக்குக்கு மருந்துக்கடையில் குட்டி பிரஷ் வாங்கினேன். அது வெளியே கொண்டுவந்ததைப் பார்த்த பிறகு ஒரு நாளும் விட மனம் வரவில்லை.

இரவுத் தேய்ப்புதான் தவறிக்கொண்டே இருந்தது. பாத்திரம் கழுவி முடித்தால் உடம்பு படுக்கையைத் தேடும். அதனால் சாப்பிட்டுச் சிறிது நேரத்தில், பாத்திரத்தில் கை வைக்கும் முன்பே தேய்த்துவிடுகிறேன். அந்த ஒரு மாற்றம்தான் பழக்கத்தைக் காப்பாற்றியது.

முதல் சில நாள்கள் ரத்தம் வந்தது. பயந்தாலும் நிறுத்தவில்லை. இரண்டாம் வாரம் குறைந்தது. மாதம் முடிவதற்குள் நுரை வெள்ளையானது. வீங்கிப் பளபளத்த ஈறு சுருங்கி இறுகியது. அடியில் கரைந்த எலும்பு தானாக வளராது என்று சொல்லியிருந்தார்கள். தாமதித்ததற்கான அந்த வருத்தம் எனக்கு உண்டு.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். ஐந்துகள் பெரும்பாலும் மூன்றாகியிருந்தன. கீழ்வலது கடைசிப் பல்லின் பின்புறம் மட்டும் இன்னும் ஐந்து. அங்கே ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்ய அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.