சுத்தியலின் வேகமும் முதிரைப் பலகையும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கதவுக்குச் சட்டம் பொருத்த வந்த ஓடாவியார், நான் சுத்தியலை அதன் தலைக்கு அருகே இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டு, “தம்பி, பிடியின்ர அடியில பிடியும்” என்றார். அந்த ஒரு சொல்லின் பின்னால் பௌதிகம் முழுவதும் இருப்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

இயக்கச் சக்தி திணிவோடு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுவதால், சுத்தியலின் எடையை இரட்டிப்பாக்கினால் சக்தி இரு மடங்காகும்; வேகத்தை இரட்டிப்பாக்கினாலோ அது நான்கு மடங்காகும். அடியில் பிடிக்கும்போது வீச்சின் ஆரை நீள்வதால், கை அதே அளவு திரும்பினாலும் தலை விரைந்து செல்கிறது.

450 கிராம் தலை செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வந்தால் அதனிடம் ஏறத்தாழ 14 யூல் சக்தி இருக்கும். அது முழுவதும் ஆணியை 3 மில்லிமீற்றர் இறக்குவதில் செலவானால், சராசரி விசை 4,800 நியூற்றன், அதாவது அரைத் தொன்னுக்குச் சற்றே குறைந்த பாரம். எந்தத் தோளாலும் அழுத்திப் பெற முடியாத இவ்விசையை நிற்கும் தூரத்தின் குறுக்கமே தருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

ஆணியைத் தொடும் கணத்தில் பிடி பலகைக்குச் சமாந்தரமாக இருந்தால் முகம் தட்டையாகப் படும். சாய்ந்து பட்டால் ஆணி வளையும். பிடியை நெரிக்கவும் கூடாது, ஏனெனில் அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறும். முதிரை, பாலை போன்ற வன்மரங்களில் எவ்வளவு நேர்த்தியாக அடித்தாலும் பலகை வெடிக்கக்கூடும் என்பதால், ஆணியைவிடச் சற்று மெல்லிய துளையை முதலில் இட்டு, ஆணியில் சவர்க்காரம் தடவிய பின்பே அடிக்கிறேன்.